தலைகீழ்க் கோட்டை: கோலார் தங்கவயலை ரசிப்பது எப்படி?

ஜோத்பூர் நகரத்துக்கு மேலே சுமார் 120 மீட்டர் உயரத்தில் நிற்கிறது மெஹ்ரான்கர் கோட்டை. 1459இல் ராவ் ஜோதா அடிக்கல் நாட்டியது. மயில் மாளிகை, கண்ணாடி மாளிகை, அம்பாரிகள், பல்லக்குகள் என்று பார்த்து முடிக்கவே அரை நாள் ஆகிவிடும். அந்தக் கோட்டையில் ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது. அடித்தளம் உறுதியாக நிற்பதற்காக உயிரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ராஜாராம் மேக்வால் என்ற தலித்தின் நினைவாக வைத்த கல். கூட்டம் அதை வேகமாகக் கடந்து போகும். கோட்டை பார்க்கத் தெரிந்தவர் அங்கே சற்று நிற்பார். மேலே பார்த்த மாளிகை அத்தனைக்கும் கணக்கு கீழே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

கோலார் தங்கவயலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது அந்தப் பார்வைதான். இங்கே எல்லாமே கீழேதான் இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் சுமார் 3,200 மீட்டர் இறங்கியது. மெஹ்ரான்கரின் உயரத்தைப் போல இருபத்தாறு மடங்குக்கும் மேல். மன்னர்கள் மலை மேல் கட்டியதை, இங்கே கூலித் தொழிலாளர்கள் தலைகீழாகத் தோண்டி வைத்திருக்கிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு உள்ளே இறங்க வழியில்லை. மேலே மிச்சம் இருப்பதைக் கொண்டு கீழே இருந்ததைப் படிக்க வேண்டும்.

படிக்காமல் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்' படத்தையோ 2024இல் வந்த 'தங்கலான்' படத்தையோ மனதில் வைத்துக்கொண்டு இறங்கினால் கண்ணில் படுவது துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், சாம்பல் நிற மண்மேடுகள், வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள், நடுவே பரபரப்பான ஒரு கடைத்தெரு. அவ்வளவுதானா என்று தோன்றும். எதை முதலில் பார்ப்பது, எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் போதாது.

ரயிலில் வருவது நல்லது

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் பாதையில் பங்காரப்பேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் கிளைப்பாதை ரயிலைப் பிடிப்பதே சரியான தொடக்கம். 1894இல் சுரங்கத்துக்காகவே போட்ட பாதை இது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று வழியில் வரும் நிலையங்களின் பெயர்கள் தங்கச் சுரங்கத்தின் வரலாற்றில் அடிக்கடி வரும் பெயர்கள். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் ஆகியவை இங்கே பெரிய சுரங்கங்கள். இந்தப் பெயர்களை மனதில் பதித்துக்கொண்டால் ஊரின் வரைபடம் பாதி புரிந்துவிடும்.

இந்தப் பெயர்களில் மாரிகுப்பமும் உரிகமும் ஆங்கிலேயருக்கு முன்பே இருந்த கிராமங்கள். திப்பு 1799இல் வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற படை அதிகாரி, இங்கே தங்கம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு 1802இல் தேடிப் பார்த்தார். கிராமத்து மக்கள் மாட்டுவண்டியில் மண் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே அலசிப் பொன்துகள் எடுத்துக் காட்டினார்கள். அவர் எழுதி வைத்த குறிப்பை எழுபது ஆண்டு கழித்துப் படித்தவர் மைக்கேல் லாவெல். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூரில் ஓய்வாக இருந்த ஐரிஷ் சிப்பாய். அவர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்த பிறகுதான் சுரங்கம் சுரங்கமானது. "வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தங்கம்" என்று யாராவது சொன்னால், அந்த மாட்டுவண்டியை நினைவுபடுத்தலாம்.

முதலில் மண்மேடு

ஊருக்குள் வந்ததும் பங்களா பார்க்க ஓடுவது வழக்கம். அதைத் தள்ளிப்போட்டு, தொலைவிலிருந்தே தெரியும் அந்தச் சாம்பல் குன்றுகளை முதலில் பார்ப்பது நல்லது. உள்ளூரில் அவற்றுக்கு சயனைடு மலை என்று பெயர். இயற்கையான மலை ஒன்றுகூட அதில் இல்லை. கீழிருந்து வெட்டி ஏற்றிய பாறையை ஆலையில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டான குவியல்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது சுவாரசியம். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் தங்கவயல் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். தங்கம் மிகக் கனமான உலோகம். அந்த 800 டன்னையும் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால், ஒரு பக்கம் மூன்றரை மீட்டர் உள்ள கனசதுரத்துக்குள் அடங்கிவிடும். சற்றே பெரிய ஓர் அறை, அவ்வளவுதான். அதை எடுப்பதற்காக அரைத்துக் கொட்டிய மண்ணோ மூன்று கோடி டன்னுக்கும் மேல். அந்த ஓர் அறைத் தங்கம் லண்டனுக்கும் பிற இடங்களுக்கும் போய்விட்டது. மண் இங்கேயே இருக்கிறது. கோடைக் காற்றில் எழும்பி, பக்கத்து வீடுகளின் சோற்றுத் தட்டு வரை வருகிறது.

ஆகவே மேட்டைத் தூரத்திலிருந்து பார்ப்பதே முறை. படம் எடுப்பதற்காக அதன் மேல் ஏறுவதும், தூசி பறக்கும் நாளில் அடிவாரத்தில் உட்காருவதும் வேண்டாம்.

சக்கரக் கோபுரத்தைப் படிப்பது

அடுத்தது ஷாஃப்ட். தரையிலிருந்து செங்குத்தாக இறங்கும் குழியின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் பெரிய சக்கரங்கள் இருக்கும். கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கட்டடம் நிற்கும். கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் பெரிய எந்திரம் அதற்குள்தான் இருந்தது. வடம் அங்கிருந்து சரிவாக ஏறி, உச்சிச் சக்கரத்தில் திரும்பி, நேர்குத்தாகக் குழிக்குள் இறங்கும். வடத்தின் நுனியில் ஆட்களுக்குக் கூண்டு, பாறைக்குத் தொட்டி. கோபுரத்தையும் எந்திரக் கட்டடத்தையும் ஒரே பார்வையில் பிடித்து, நடுவே இல்லாத அந்த வடத்தைக் கண்ணால் கட்டிப் பார்க்க வேண்டும். அப்போது துருப்பிடித்த இரும்பு வேலை செய்யத் தொடங்கும்.

ஒரே இறக்கத்தில் அடிவரை போய்விட முடியாது. ஒரு குழியில் இறங்கி, பூமிக்குள்ளேயே நடந்து, இன்னொரு குழியில் மறுபடி இறங்க வேண்டும். ஆழம் கூடக் கூடப் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். மேலே உள்ள மலையளவு பாறையின் அழுத்தம் தாங்காமல் சுவர்ப்பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அந்த அதிர்வில் மேலே ஊரில் வீடுகள் குலுங்கும். வீட்டில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் யார் ஷிஃப்டில் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்குவார்கள்.

அதே ஆழத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அதே காலத்தில் இன்னொரு குழு இதைச் செய்தது. உலகில் முதன்முதலில் இதைக் கண்ட இடங்களில் ஒன்று தங்கவயல். மற்றக் கதிர்களைத் தடுத்து நிறுத்த அத்தனை கனமான பாறைக் கூரை வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது.

அரண்மனையும் லைன் வீடும்

அரண்மனைக்கு இணையாக இங்கே இருப்பவை அதிகாரிகளின் பங்களாக்கள். அகன்ற தாழ்வாரம், உயர்ந்த கூரை, சுற்றிலும் தோட்டம். 1880களில் தொடங்கிய கிளப், கோல்ஃப் மைதானம், உரிகத்தில் ஆங்கிலத் திருச்சபைக் கோயில் என்று 'குட்டி இங்கிலாந்து' எனப் பெயர் வாங்கிய பகுதி இது. பார்க்க அழகுதான், சந்தேகமில்லை.

அந்த அழகைப் பார்த்த கையோடு லைன் வீடுகளுக்கு நடக்க வேண்டும். ஒட்டி ஒட்டி நிற்கும் குடியிருப்பு வரிசைகளுக்கு லைன் என்று பெயர். தொடக்கத்தில் தட்டியால் கட்டிய குடிசைகளாக இருந்தவை இவை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், இங்கே வாழ்ந்தார்கள். ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். ஒரு பங்களாவின் காம்பவுண்டுக்குள் எத்தனை லைன் வீடு அடங்கும் என்று கண்ணால் அளந்து பார்த்தால், எந்த அருங்காட்சியகமும் சொல்லாத சம்பள வித்தியாசம் புரியும்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் பின்தொடர்வது இன்னொரு நல்ல வழி. காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் பயணம் செய்து 1902 ஜூன் 30 அன்று தங்கவயலுக்கு வந்தது. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1905இல். தண்ணீர் வந்தது பாலாற்றின் மேல் உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து. அதே பாலாறுதான் கீழே வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் போகிறது. ஆற்றின் கீழ்க்கரை ஊர்களிலிருந்து கிளம்பி வந்தவர்கள், அதன் மேல்கரைத் தண்ணீரைக் குடித்துச் சுரங்கத்தில் இறங்கினார்கள்.

கல்லில் இல்லாத வரலாறு

ராஜபுத்திரக் கோட்டைகளில் வழிகாட்டி போர்க்கதை சொல்வார். தங்கவயலின் போர்கள் வேறு வகை. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946இல் மறுபடி நீண்ட வேலைநிறுத்தம் நடந்தபோது துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இன்னொரு பக்கம் புத்தகமும் பத்திரிகையும். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய பௌத்த இயக்கம் வலுவாக வேர் பிடித்த ஊர்களில் ஒன்று மாரிகுப்பம். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு, அவர் நடத்திய 'தமிழன்' இதழை 1926இலிருந்து ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்தினார். எழுத்து அச்சேறிய சாம்பியன் ரீஃபும், பாறை உடைபட்ட சாம்பியன் ரீஃபும் ஒன்றே. அந்தத் தெருக்களில் நடக்கும்போது கிறிஸ்தவக் கோயில், மாரியம்மன் கோயில், பௌத்த விகாரை மூன்றையும் கவனித்து வரலாம்.

நேரம் இருந்தால் நிஜக் கோட்டையும்

கல் கோட்டையையும் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குப் பங்காரப்பேட்டை பக்கம் பூதிக்கோட்டை இருக்கிறது. ஹைதர் அலி பிறந்த ஊர். அவருடைய தந்தை ஃபத்தே முகமதுவின் கல்லறை கோலார் நகரத்தில் உள்ளது. அதே கோலாரில் கோலாரம்மன் கோயிலுக்குப் போனால் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். சுரங்கம் வருவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே இந்த மண்ணில் தமிழ் இருந்ததற்கு அவை சாட்சி. பாறைகளில் ஆர்வம் உள்ளவர்கள் பெத்தப்பள்ளி பக்கம் போகலாம். ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்கடியில் வழிந்த எரிமலைக் குழம்பு தலையணை தலையணையாக உறைந்து நிற்கிறது. அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

போகும் முன்

ஷாஃப்ட் வளாகங்கள் பலவும் வேலியிட்டவை. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. மூடப்பட்ட குழிகளும் பழைய கட்டடங்களும் ஆபத்தானவை. வெளியிலிருந்தே கோபுரங்கள் நன்றாகத் தெரியும். பங்களாக்களிலும் லைன் வீடுகளிலும் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். கேட்காமல் கேமராவை நீட்ட வேண்டாம். சாப்பாட்டுக்கும் கடைத்தெருவுக்கும் ராபர்ட்சன்பேட்டை. கிறிஸ்துமஸ் சமயத்தில் போனால் ஊர் களைகட்டியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சுரங்கம் மூடியபோது வேலையில் இருந்தவர்களில் இளையவர்கள்கூட இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளில் பலர் விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். பகலில் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் கீழே இறங்கிய கடைசித் தலைமுறை. எந்த ஷாஃப்ட், எத்தனையாவது லெவல், என்ன வேலை என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். பயணத்தில் பாதி நேரத்தை அவர்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டு போங்கள். சீக்கிரம் போங்கள்.