கெட்டிமேளம் கொட்டும் நொடி

திட்டக்குடியிலோ பெண்ணாடத்திலோ நடக்கும் கல்யாணத்தை சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமன் போனில் பார்ப்பது 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் பரவிய பழக்கம். இன்று அது பந்தல், மேளம், சமையல் வரிசையில் ஒரு செலவுக் கணக்காக உட்கார்ந்துவிட்டது. வாட்ஸ்ஆப்பில் லிங்க் வருகிறது, பார்க்கிறோம். படம் தெளிவாக இருந்தால் கேமராவைப் புகழ்கிறோம், கட்டம் கட்டமாக உடைந்தால் நெட்வொர்க்கைத் திட்டுகிறோம். இரண்டிலும் நடுவில் நின்று லைவ் அனுப்பும் ஆள் கணக்கில் வருவதில்லை. கல்யாண லைவ் ஒரு கைத்தொழில், அதில் தேர்ச்சி என்பது எதை இழக்கலாம் என்பதை முகூர்த்தத்துக்கு முன்பே தீர்மானித்து வைப்பது என்பது என் கட்சி.

கணக்கைப் பார்த்தால்தான் வேலையின் கடுமை தெரியும். 1920-க்கு 1080 அளவில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், நிறத் தகவலைக் கால்பங்காகக் குறைத்த பிறகும் நொடிக்குச் சுமார் 622 மெகாபிட் சேருகிறது. மண்டபத்திலிருந்து மொபைல் டேட்டாவில் நம்பி அனுப்பக்கூடியது 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 155-இல் ஒரு பங்குதான் ஊரைத் தாண்டும். மற்றதை எறிய, படத்தைச் சுருக்கும் என்கோடருக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கண் அதிகம் கவனிக்காத நுணுக்கங்களை மழுங்கடிப்பது. இதற்கு அடிப்படையான டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், 1974 ஜனவரியில் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் வெளியிட்ட சிறு ஆய்வுக் கட்டுரையில் வந்தது. ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 2003-இல் வெளிவந்து, லைவில் இன்னும் பரவலாகப் புழங்கும் எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை கூட அந்தக் கணிதத்தின் வாரிசுதான். இன்னொரு வழி, முந்தைய ஃபிரேமில் இருந்ததைத் திரும்ப அனுப்பாமல் எது எங்கே நகர்ந்தது என்று மட்டும் சொல்வது. அசையாத மணமேடைச் சுவருக்கு அநேகமாகச் செலவே கிடையாது.

இந்த இரண்டு வழிகளும் ஒன்றாக அடைபடும் இடம் நம் கல்யாணத்திலேயே இருக்கிறது. கெட்டிமேளம் என்று குரல் எழுகிறது. நான்கு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. ஒவ்வொரு அரிசியும் தன் போக்கில் போவதால் எது எங்கே நகர்ந்தது என்ற கணிப்பு தோற்கிறது. போட்டோகிராஃபரின் ஃப்ளாஷ் வெட்டும்போது ஃபிரேமின் வெளிச்சமே மாறிவிடுகிறது, முந்தைய ஃபிரேம் எதற்கும் உதவாது. உறவினர்கள் எழுந்து முன்னால் வருகிறார்கள். பெண் உடுத்தியிருக்கும் கூறைப் புடவையின் அரக்குச் சிவப்பு, நிறத்தைக் கால்பங்காக்கியதன் வலியை முதலில் காட்டும் நிறம். ஜரிகையோ மழுங்கடிக்க முடியாத நுணுக்கம். லைவில் பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் பிட்டுகளின் அளவு, பெரும்பாலும் மாறாமல் வைக்கப்படுவதால், இந்த நொடிக்கென்று கூடுதலாகச் செலவழிக்கவும் என்கோடருக்குக் கை வராது. காலையிலிருந்து எல்லோரும் எதற்காகக் காத்திருந்தார்களோ அந்த நொடிதான் அனுப்புவதற்கு ஆகக் கடினமானது. லைவ் அல்லாத படங்களுக்கு இந்த நெருக்கடி இல்லை: நெட்ஃபிளிக்ஸ் 2015 டிசம்பரில், எல்லாப் படங்களுக்கும் ஒரே பிட்ரேட் அட்டவணை என்பதை விட்டு, ஒவ்வொரு படத்துக்கும் தனி அட்டவணை வகுப்பதாக அறிவித்தது. அவர்கள் ஒரே காட்சியைப் பலமுறை சுருக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தாலி கட்டுவது ஒரு முறைதான்.

ஆகவே தேர்ந்த கை அந்த நொடியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுகிறது. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் மண் காய்ந்தும் சூளையில் வெந்தும் சுருங்கும் என்று தெரிந்து அச்சையே பெரிதாக வார்ப்பது போல, இங்கும் நடக்கப்போகும் சேதத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். தாலி கட்டும்போது கேமரா ட்ரைபாடில் அசையாமல் நிற்கும். கூட்டம் நகரும் நேரத்தில் கேமராவும் நகர்ந்தால் செலவு இன்னும் ஏறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேம், ஐம்பதில் ஒரு நொடி ஷட்டர் என்று வைத்தால் மண்டப விளக்குகளின் துடிப்பு பெரும்பாலும் அடங்கும். வெளிச்சம் போதாமல் கேமராவின் கெயினை ஏற்றினால் படத்தில் கிரெயின்ஸ் அடிக்கும். என்கோடர் அந்தப் புள்ளிகளையும் விவரம் என்று நம்பி பிட்டுகளை அவற்றுக்கு வாரி இறைக்கும். மேடைக்கு இன்னொரு விளக்கு போடுவது அழகுக்காக மட்டும் இல்லை என்பது இங்கேதான் விளங்கும். கேமராவில் ஷார்ப்னஸைக் குறைப்பதும் அதே காரணத்தால். எனக்கு ஆகப் பிடித்த முடிவு, சிக்னல் தள்ளாடும்போது 1080-ஐ விட்டு 720-க்கு இறங்குவது. போன் திரையில் உடைந்த பெரிய படத்தைவிட முழுதாக நிற்கும் சிறிய படமே மேல். ஆனால் ஃபோர்கே லைவ் கேட்டுப் பணம் கொடுத்த வீட்டாரிடம் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்!

எல்லாம் சாஃப்ட்வேர் செய்வது, மனிதனுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். சாஃப்ட்வேர் பிட்டுகளைப் பங்கிடுகிறது, உண்மைதான். ஆனால் எது முகம், எது பின்திரையின் சீரியல் விளக்கு என்ற முக்கியத்துவம் பொதுவாக அதற்குத் தெரியாது. மினுக்கும் விளக்குக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மணப்பெண்ணின் முகத்தைப் பட்டினி போடும். அந்த விளக்கு வரிசையை அணைக்கச் சொல்வது மனிதர் வேலை. யூடியூப் எப்படியும் மறுபடி சுருக்கத்தானே போகிறது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அதனால்தான் முதல் சுருக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். முதலில் விழுந்த கட்டங்களை இரண்டாவது என்கோடர் படத்தின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு காப்பாற்றப் பார்க்கும், அதற்கும் பிட்டுகளைச் செலவழிக்கும். ஃபைஜி வந்தபின் சிக்கனம் எதற்கு என்பவர்களுக்கு ஒரே பதில்: மண்டபத்தில் ஐந்நூறு பேர், முகூர்த்த நேரத்தில் எல்லோர் கையிலும் போன், பலர் அதே டவர் வழியாக ஸ்டேட்டஸ் ஏற்றுகிறார்கள். அப்லோடு சுருங்குவது மிகச் சரியாக அந்த நொடியில்தான்.

ஒலியைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. ஏஏசி முறையில் 128 கிலோபிட் ஸ்டீரியோ ஒலிக்கு மொத்தத்தில் ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் தவிலின் அடி திடீரென்று எழுவது. பிட் போதாத இடத்தில், அடி விழுவதற்கு முன்பே அதன் கலங்கல் ஒன்று கேட்டு, அடியின் கூர்மை போய்விடும். மைக்கை மேளக்காரருக்கு ஒட்டி வைத்தால் அடி உச்சத்தைத் தாண்டிக் கிழியும், மண்டப ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் எதிரொலி கலந்து சேறாகும். ஓரளவு தள்ளி வைத்து, கெட்டிமேளத்துக்கென்று லெவலில் இடம் விட்டு வைத்திருந்த லைவில் நாதஸ்வரம் மேலேயும் தவில் கீழேயும் தனித்தனியாகக் கேட்கும். படம் இரண்டு நொடி உறைந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மேளம் அறுந்தால் ஊரிலிருந்து போன் வரும்.