முதலில் கோன், அப்புறம் டிராக்

வடசென்னைக்காரர்களுக்கு வண்டிப் பைத்தியம் ரத்தத்திலேயே ஊறியது என்று அடித்துச் சொல்வேன். திருவொற்றியூர் புல்லட் செய்த ஊர். எண்ணூர் அசோக் லேலண்டின் ஊர். கொஞ்சம் தள்ளிப் போனால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார்ப் பந்தயம் பறந்த மண் அது. அங்கே பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக்கைத் திறந்தது.

புதிதாக ஓட்ட வருகிறவர்கள் ஆட்டோகிராஸா, டிராக் டேயா என்று கேட்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டோகிராஸ் என்பேன்!

மைதானத்தில் கோன் அடுக்கிப் பாதை போட்டிருப்பார்கள். நம் பக்கம் பெரும்பாலும் மண் தரை. ஓட்டுவதற்கு முன் பாதையை நடந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு கார். போட்டி கடிகாரத்தோடு மட்டும். வேகம் பெரிதாக இருக்காது, இரண்டாவது கியரிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் கார் பேசுகிறதே, அடடா! பிரேக்கில் கால் வைத்ததும் எடை முன் சக்கரங்களுக்குப் பாய்கிறது, பிடிப்பு கூடுகிறது, ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கிறது. வளைவில் அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினால் கார் அகலமாக விலகி ஓடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தே பழகிய நமக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே கிடையாது. தப்பினால் ஒரு கோன் சாயும், நேரத்தில் சில விநாடி கூடும், அவ்வளவுதான்.

டிராக் டே வேறு உலகம். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள், சுற்றுக்கு மேல் சுற்று. நேர்ப்பாதையின் முடிவில் முழு வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும் அந்தக் கணத்துக்காக எவ்வளவு செலவழித்தாலும் தகும். செலவும் ஆகும்: டயர் தேயும், பிரேக் பேட் கரையும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் சூட்டில் கொதித்து பெடல் உள்ளே போய்விடும். புதிதாக மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கொடிகளைப் படிக்கவும், பின்னால் வருகிறவருக்கு வழி விடவும் தெரிய வேண்டும். கார் எப்போது வழுக்கும் என்று கோன்களிடம் கற்றவருக்கு டிராக்கில் பயம் பாதி குறையும், ஆனந்தம் இரண்டு மடங்காகும்.

வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் பந்தய ஓட்டத்துக்குச் செல்லாது. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். புது கார் வேண்டாம், வீட்டு ஹேட்ச்பேக்கே போதும். ஹெல்மெட் ஒன்று வாங்கிக்கொண்டு அடுத்த ஆட்டோகிராஸுக்குப் பெயர் கொடுங்கள். கை பழகிய பிறகு மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள், இருங்காட்டுக்கோட்டை பக்கம்தான்.