ரோமில் யாருடைய நூலகம்?

வெளிநாட்டுப் பண்பாட்டு நிறுவனங்கள் அரசுகளின் முகமூடிகள்தாம், போர் மூண்டால் தூதரகத்தோடு அவற்றையும் இழுத்துப் பூட்டிவிட வேண்டும் என்ற பேச்சுக்கு இப்போது நல்ல செல்வாக்கு. ‘மென் அதிகாரம்’ என்ற ஒரே முழக்கோலால் எல்லாவற்றையும் அளந்துவிடுகிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் கால ரோமைக் கவனித்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள்.

முகமூடிகள் இருந்தது உண்மை. 1940இல் பாரிஸைப் பிடித்த ஜெர்மனி, கார்ல் எப்டிங் தலைமையில் அங்கே ஒரு ஜெர்மன் நிறுவனத்தைத் திறந்தது. இடம்? போலந்துத் தூதரகமாக இருந்த மாளிகை! சேன் நதித் தீவிலிருந்த போலந்து நூலகத்தின் தொகுப்புகளும் கொள்ளை போயின. நாடிழந்து லண்டனில் இருந்த போலந்து அரசால் என்ன செய்ய முடியும்? கோபன்ஹேகன், பிரசெல்ஸ், ஏதென்ஸ் எங்கும் இதே வகை ஜெர்மன் நிறுவனங்கள் முளைத்தன. மொழி வகுப்பும் சொற்பொழிவும் நடந்தாலும் அவை அப்பட்டமான பிரச்சாரக் கூடங்கள்தாம்.

ரோமின் கதை வேறு. அங்கிருந்த ஜெர்மன் தொல்லியல் நிறுவனம் 1829இல், ஒன்றுபட்ட ஜெர்மனி உருவாகும் முன்பே, பல நாட்டு அறிஞர்களின் கடிதத் தொடர்புச் சங்கமாகப் பிறந்தது. முதல் உலகப்போரில் இத்தாலி அதைக் கைப்பற்றியது. பிறகு புத்தகங்கள் திரும்பி வந்தன, கேபிடோலின் குன்றிலிருந்த கட்டடங்கள் வரவில்லை. கலை வரலாற்று நூலகமான ஹெர்ட்சியானாவை ஹென்ரியெட்டா ஹெர்ட்ஸ் என்ற யூதப் பெண்மணி 1913இல் கொடையாகத் தந்தார். அது இயங்கிய சுக்காரி மாளிகையின் கிரெகோரியானா தெருப்பக்கக் கதவு, வாய் பிளந்த அரக்கனின் முகமாகச் செதுக்கப்பட்டது. நாஜிகள் நிறுவனத்தின் பெயரிலிருந்து ஹெர்ட்ஸின் பெயரை அகற்றினார்கள். கொடையை வைத்துக்கொண்டு கொடையாளியைத் துரத்திய இந்த ஈனத்தனத்துக்கு மன்னிப்பே கிடையாது.

1943 செப்டம்பரில் ரோம் ஜெர்மன் படைகளின் பிடிக்குள் வந்தது. அடுத்த ஆண்டு இந்நூலகங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி வடக்கே ஏற்றிச் சென்று, ஆஸ்திரிய உப்புச் சுரங்கங்களில் அடைத்தார்கள். ஜூன் 4 அன்று நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் நுழைந்தபோது அலமாரிகள் காலி.

உண்மையான வழக்கு போருக்குப் பின்தான் மூண்டது. பெட்டிகள் ரோமுக்குத் திரும்பின, ஆனால் யாருக்குச் சொந்தம்? 1945 முதல் 1949 வரை ஜெர்மனிக்கென்று அரசே இல்லை. இத்தாலிக்கே விட்டுவிட வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. போரில் நொந்த நாடு அப்படிக் கேட்டதில் தவறில்லை.

அப்போது வந்தவர் சார்லஸ் ரூஃபஸ் மோரி. பிரின்ஸ்டனில் கிறித்தவக் கலைப் படிமங்களுக்கான பிரம்மாண்டமான அட்டவணையைத் தொடங்கியவர், ரோமில் அமெரிக்கத் தூதரகத்தின் பண்பாட்டு அதிகாரி. போர்க்காலக் கலைச்செல்வம் பற்றிய நூல்களில் ஓவியங்களை மீட்ட வீரர்களுக்குத்தான் மாலை மரியாதை, மோரிக்கு ஓரிரு வரி கிடைத்தால் அதிகம். ரோமிலிருந்த பல நாட்டு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 1946இல் அமைத்த சர்வதேச ஒன்றியத்துக்கு அவரே முதல் தலைவர். உரிமை யாருக்கு என்ற சண்டை முடியும்வரை காத்திராமல் புத்தகங்களைப் படிக்கத் திறந்துவிட்ட அமைப்பு அது. ஹெர்ட்ஸின் பெயரும் வாசலுக்குத் திரும்பியது.

1953இல் மேற்கு ஜெர்மனியின் பான் அரசும் ரோம் அரசும் உடன்பாடு கண்டன. நிர்வாகம் ஜெர்மனிக்கு. நூலகங்கள் இத்தாலி மண்ணிலேயே இருக்க வேண்டும், எல்லா நாட்டு ஆய்வாளருக்கும் திறந்திருக்க வேண்டும். மறு ஆண்டு வந்த ஹேக் உடன்படிக்கை நூலகங்களைத் தாக்கவும் சூறையாடவும் தடை விதித்தது. ஆனால் ஆக்கிரமிக்கப்பட்ட ஊரில் ஒரு வெளிநாட்டு ஆய்வு நிறுவனத்தை யார் நடத்துவது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. அடுத்த உடன்படிக்கை எழுதப்படுமானால் அதில் 1946இன் ஒன்றியத்துக்கு ஒரு பிரிவு வேண்டும்: சண்டை தீரும்வரை சாவி, அதே ஊரிலுள்ள மற்ற நாட்டு நிறுவனங்களின் கூட்டுப் பொறுப்பில்.