அமைவுக் கோப்பும் நூற்குற்றமும்: பல்கூறு நிரல்களில் அமைவுகளைச் சேமிக்கும் முறைகள் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பல கூறுகளால் ஆகிய நிரலொன்றின் அமைவுகளை எங்கே, எவ்வடிவில் சேமிப்பது என்பது நிரலாளரின் வசதி சார்ந்த சிறு முடிவாகவே கருதப்படுகிறது. தமிழ்ப் பனுவல்களை ஆராயும் நிரல்களைப் பொறுத்தவரை இம்முடிவு ஆய்வு முடிவுகளையே மாற்றவல்லது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. நன்னூல் கூறும் நூற்குற்றங்களுள் சிலவற்றை அளவுகோலாகக் கொண்டு வழக்கிலுள்ள சேமிப்பு முறைகள் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அமைவுக் கோப்பு, பல்கூறு நிரல், ஒருங்குறி, நன்னூல், யாமல், டாமல்

முன்னுரை

தமிழ்ப் பனுவல்களைக் கணினிவழி ஆராயும் நிரல் பெரும்பாலும் ஒற்றை நிரலாக அமைவதில்லை. குறியேற்றத்தைச் சீர்செய்வது ஒரு கூறு. சொற்களைப் பிரிப்பது மற்றொரு கூறு. புணர்ச்சி பிரித்தல், அகராதியோடு ஒப்பிடல், எண்ணிக்கை எடுத்தல் எனக் கூறுகள் தொடர்கின்றன. எந்தப் பதிப்பைப் பாடமாகக் கொள்வது, எவ்வெழுத்து வடிவங்களை ஒன்றாகக் கருதுவது, எச்சொற்களை விலக்குவது என்பன போன்ற முடிவுகளை இக்கூறுகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இம்முடிவுகளே அமைவுகள், நிரலாளர் பேச்சில் 'கான்ஃபிக்' எனப்படுபவை.

இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கென எழுதிய நிரலில் ஒவ்வொரு கூறும் தனக்கென ஓர் அமைவுக் கோப்பை வைத்திருந்தது. அவ்வக் கூற்றை எழுதிய காலத்தில் அதுவே எளிதாகத் தோன்றியது. பின்னர் அகராதியில் இல்லாத சொற்களின் பட்டியலை எடுத்தபோது, கொடி, கோல், பொருள், தோழி போன்ற மிகப் பொதுவான சொற்கள் அப்பட்டியலில் நிறைந்திருந்தன. காரணம் ஒருங்குறியில் இருந்தது. 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. சொற்பிரிப்புக் கூறு இவ்விரு வடிவங்களையும் ஒருவடிவாக்கும் அமைவைக் கொண்டிருந்தது; அகராதிக் கூற்றின் கோப்பில் அவ்வமைவு அணைக்கப்பட்டிருந்தது. நிரலில் பிழை ஏதுமில்லை. ஒரே முடிவு இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்ததும், அவை ஒன்றோடொன்று முரண்பட்டதுமே குறை.

நூற்குற்றம் என்னும் அளவுகோல்

நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுத்துரைக்கிறது. தொல்காப்பிய மரபியலும் பத்துக் குற்றங்கள் பற்றிப் பேசுகிறது. இவற்றில் கணினியைக் கண்டெடுக்கும் முயற்சி அன்று இது. அத்தகைய முயற்சிகள் தமிழாய்வுக்குச் செய்த நன்மை குறைவு. அமைவுக் கோப்பு என்பது மனிதர் எழுதி, மனிதரும் பொறியும் படிக்கும் ஒரு பனுவல். ஆதலின் பனுவலை மதிப்பிடும் அளவுகோல் அதற்கும் பொருந்தும் என்பதே இங்குள்ள எடுகோள். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், குன்றக் கூறல், மயங்கவைத்தல் என்னும் நான்கு மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மேற்கண்ட பட்டறிவு முதலிரண்டுக்கும் சான்று: கூறியது கூறல் நாளடைவில் மாறுகொளக் கூறலாக முடிந்தது.

எங்கே வைப்பது?

கூறுதோறும் தனிக்கோப்பு என்பதன் எதிர்முனை, அனைத்தையும் ஓரிடத்தில் குவிப்பது. விண்டோஸ் இயங்குதளத்தின் வரலாறு இவ்விரு முனைகளையும் கண்டது. தொடக்கத்தில் ஐஎன்ஐ எனப்படும் எளிய உரைக்கோப்புகள் இருந்தன. அவை பெருகிச் சிதறியதால், 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1இல் சிறிய அளவில் தோன்றிய 'ரெஜிஸ்ட்ரி' என்னும் நடுவண் பதிவகம் விண்டோஸ் 95 முதல் பெருவழக்காயிற்று. சிதறல் நீங்கியது, ஆனால் வேறொன்று பறிபோனது. உரைக்கோப்பை நிரலோடு சேர்த்து வேறொரு கணினிக்கு எடுத்துச்செல்லலாம். பதிவகத்தில் புதைந்த மதிப்போ கணினியோடு தங்கிவிடுகிறது. தரவையும் நிரலையும் பெற்றுக்கொண்ட பிறிதோர் ஆய்வாளர் அதே முடிவைப் பெற இயலாமற்போவதற்கு இது போதும்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவே அடுக்குமுறை உள்ளது. 2005இல் தோன்றிய கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணினி முழுமைக்கும் ஒரு கோப்பு, பயனருக்கு ஒரு கோப்பு, குறிப்பிட்ட களஞ்சியத்துக்கு ஒரு கோப்பு என மூன்று அடுக்குகள் அதில் உண்டு. பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்குவதுபோல, குறுகிய எல்லையுடைய கோப்பின் மதிப்பே செல்லும். அடுக்குகள் கூடும்போது மயங்கவைத்தல் நேரும்: இம்மதிப்பு எங்கிருந்து வந்தது? நெடுங்காலம் இதனைப் பயனரே தேடிக் காண வேண்டியிருந்தது. 2016இல் வெளியான 2.8ஆம் பதிப்பில் 'ஷோ ஆரிஜின்' என்னும் வசதி சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு மதிப்பும் எக்கோப்பிலிருந்து பெறப்பட்டது என்று காட்டப்படலாயிற்று. பாடவேறுபாட்டுக்கு ஏட்டின் பெயரைச் சுட்டும் பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பைப் போன்றது இது. அடுக்குமுறையைப் பின்பற்றிவிட்டு இவ்வசதியைத் தராத நிரலை இக்கட்டுரையாளர் குறையுடையதாகவே கருதுவார்.

எவ்வமைவை எவ்வடுக்கில் வைப்பது என்பதற்கு ஒரு வினா போதுமானதாகத் தோன்றுகிறது: இம்மதிப்பை மாற்றினால் ஆய்வு முடிவு மாறுமா? மாறும் எனில் அது தரவோடும் நிரலோடும் பயணிக்க வேண்டும். ஒகரக் குறியை ஒருவடிவாக்குவது இவ்வகை. மாறாது எனில் அது கணினியோடு தங்கலாம். தற்காலிகக் கோப்புகளை வைக்கும் உறையின் முகவரி இவ்வகை. கடவுச்சொற்களை எக்கோப்பிலும் எழுதாது சூழல் மாறிகளில் வைப்பதே தக்கது.

பொதுவான அமைவுகள் ஒரே இடத்தில் இருந்தாலும், அக்கோப்பை ஒவ்வொரு கூறும் தானே திறந்து படிக்குமாயின் பழைய குற்றம் வேறுவழியில் திரும்பும்; இல்லாத மதிப்புக்கு ஒவ்வொரு கூறும் தன் விருப்பப்படி ஓர் இயல்பு மதிப்பை வைத்துக்கொள்ளும். முதன்மை நிரல் ஒருமுறை படித்து, சரிபார்த்து, உரிய மதிப்புகளைக் கூறுகளுக்குக் கையளிப்பதே முறை. தனித்தும் இயங்க வேண்டிய கூறுகள் இதற்கு இடர்ப்பாடாக அமைகின்றன. சந்தி பிரிக்கும் கூற்றைப் பிற ஆய்வாளர் தனியே எடுத்துப் பயன்படுத்த விரும்புவது இயல்பு. அதற்கென இயல்பு மதிப்புகளை அக்கூற்றினுள் வைக்காமல் இருக்க முடிவதில்லை. இது முழுமையாகத் தீராத சிக்கல்.

எவ்வடிவில் எழுதுவது?

இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஆங்கிலத் தரவை மனத்திற்கொண்டவை. தமிழ்த் தரவைக் கொண்டு நோக்கினால் குறைகள் வேறிடத்தில் தென்படுகின்றன.

ஐஎன்ஐ வடிவைப் படிக்கப் பைத்தான் மொழியில் உள்ள 'கான்ஃபிக்பார்சர்', திறவுப் பெயர்களிலுள்ள உரோமன் பேரெழுத்துகளை இயல்பாகவே சிற்றெழுத்துகளாக்கிவிடுகிறது. லகரத்துக்குச் சிறிய 'எல்', ளகரத்துக்குப் பெரிய 'எல்' என்று எழுத்துப்பெயர்ப்பு அட்டவணை அமைத்தால் இரண்டும் ஒரே திறவாகிப் பிழை எழும். ளகரம் மட்டும் அட்டவணையில் இருந்தால் பிழைச்செய்திகூட வராது, ளகரம் லகரமாகும். இவ்வியல்பை மாற்றிக்கொள்ள வழியுண்டு; மாற்ற வேண்டும் என்று அறிந்தவருக்கே அது பயன்படும்.

ஜேசன் வடிவில் விளக்கக் குறிப்பு எழுத இடமில்லை. ஒரு சொல்லை ஏன் விலக்கினோம் என்பதை அச்சொல்லின் அருகிலேயே பதிய இயலாமை ஆய்வாளருக்குக் குன்றக் கூறலே. மேலும் பைத்தானின் ஜேசன் எழுதி, வேறாகக் கேட்டாலன்றி, தமிழெழுத்துகளைக் குறியெண் வரிசைகளாக மாற்றி எழுதுகிறது. பொறி படிக்கும், மனிதர் படிக்க இயலாது.

யாமல் வடிவம் கண்ணுக்கு இனியது. மேற்கோட்குறியின்றி எழுதலாம் என்பதால் பலரும் விரும்புகின்றனர். மயங்கவைத்தலின் உச்சமும் இதுவே. புறநானூற்றுப் பாடல் எண்களை ஒழுங்குக்காக மூன்று இலக்கங்களில் 001, 002 என எழுதும் வழக்கம் கோப்புப் பெயர்களில் உண்டு. பைத்தானில் பெருவழக்காக உள்ள பையாமல் நூலகம் யாமலின் பழைய 1.1 பதிப்பைப் பின்பற்றுவது. அது சுழியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாகக் கொள்ளும். ஆகவே 007 என்பது 7 ஆகும். 008, 009 ஆகியவை எட்டடிமானத்தில் செல்லாதவை ஆதலால் எழுத்துச் சரங்களாகவே நிற்கும். 010 என்பது 8 ஆகும்! விலக்கவேண்டிய பாடல் எனப் பத்தாம் பாடலைக் குறித்தால் எட்டாம் பாடல் விலக்கப்படும். நிரல் எதுவும் சொல்லாது. காதை, அடி எண்களை 10:45 என முக்காற்புள்ளியிட்டு எழுதினால், அறுபதடிமான எண்ணாகக் கொண்டு 645 எனத் தரும். நார்வே மொழியின் குறியீடான 'என்ஓ' என்னும் ஈரெழுத்து 'இல்லை' எனப் பொருள்கொள்ளப்படுவது நிரலாளரிடையே நகைச்சுவையாகவே வழங்குகிறது. 2009இல் வந்த 1.2 பதிப்பு இவற்றைத் திருத்திவிட்டது. நூலகம் பழையதாயிருக்கும்வரை அத்திருத்தத்தால் பயனில்லை.

டாமல் வடிவை டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2013இல் உருவாக்கினார், 1.0 பதிப்பு 2021இல் வந்தது. எழுத்துச் சரங்களுக்கு மேற்கோட்குறி கட்டாயம். கோப்பு யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் இருப்பது கட்டாயம். விளக்கக் குறிப்புக்கு இடமுண்டு. 010 என எழுதினால் பிழையெனக் கூறி நின்றுவிடும். தவறாகத் தொடர்வதைவிட நின்றுவிடுவது நன்று. ஆயினும் இதன் 1.0 பதிப்பின்படி மேற்கோளின்றி எழுதப்படும் திறவுப் பெயர்களில் ஆங்கில எழுத்து, எண், கோடுகளுக்கே இடம். 'விலக்குசொற்கள்' எனத் தமிழில் பெயரிட மேற்கோட்குறி வேண்டும். தமிழ்ப் பெயர் விருந்தினராகவே நடத்தப்படுகிறது. இக்குறையோடும் பல்கூறு ஆய்வு நிரலுக்கு இக்கட்டுரையாளர் டாமலையே தேர்ந்தார். திறவுப் பெயரிலுள்ள ஒகரத்தின் இருவடிவங்களை டாமலும் ஒன்றாகக் கருதாது என்பதால், பெயர்களை ஒருவடிவாக்கும் பணியை முதன்மை நிரலே செய்ய வேண்டியிருந்தது.

பதிவில் இடம்பெறாதவை

தமிழ்த்துறை ஆய்வேடுகளில் பதிப்பு, பதிப்பாசிரியர், ஆண்டு ஆகியவை தவறாது குறிக்கப்படுகின்றன. கணினிவழி எடுத்த எண்ணிக்கைகளைத் தரும் ஆய்வுகளிலோ நிரலின் பெயருக்கு மேல் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. இக்கட்டுரையாளரின் முதல் ஆண்டு அட்டவணைகளும் அத்தகையனவே. அவை எந்த அமைவுகளோடு பெறப்பட்டன என்பதை இன்று அவராலும் மீட்க இயலவில்லை. ஆய்வேட்டிலிருந்து அவை நீக்கப்பட்டன. இப்போது நிரல் ஒவ்வொரு முறை இயங்கும்போதும், இறுதியில் செல்லுபடியான எல்லா அமைவுகளையும் அவை வந்த கோப்பின் பெயரோடு முடிவுகளின் தலைப்பில் எழுதுகிறது. 2022இல் வெளிவந்த பைத்தான் 3.11 முதல் டாமலைப் படிக்கும் வசதி அம்மொழியிலேயே உள்ளது. எழுதும் வசதி இல்லை. ஆதலின் இப்பதிவு ஜேசன் வடிவில், தமிழெழுத்து தமிழெழுத்தாகவே இருக்கும்படி எழுதப்படுகிறது.