பொற்சுண்ணம் இடித்தவர்கள்

2025 ஜூலை 27 அன்று அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் இளையராஜா திருவாசகம் இசைத்தார். அந்த வாரம் பெரம்பலூரில் என் வகுப்பில், 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவைக் கொண்டு அவர் வெளியிட்ட திருவாசகத் தொகுப்பை ஒலிக்கவிட்டேன். திருப்பொற்சுண்ணம் வந்தது.

இறைவன் நீராட நறுமணப் பொடி இடிக்கப் பெண்கள் பெண்களை அழைக்கும் 20 பாடல்கள் அவை. அம்மானை, ஊசல், சாழல் என மாணிக்கவாசகர் கையாண்ட வடிவங்கள் பலவும் பெண்களின் வேலையிலும் விளையாட்டிலும் பிறந்தவை. உரையாசிரியர்கள் அந்தக் குரலை ஆன்மாவின் ஏக்கமாக விளக்கிவிட்டு நகர்கிறார்கள். உரலைப் பார்ப்பதில்லை.

சேர்ந்திசையின் விரிவு என்னைச் சிலிர்க்க வைத்தது. ஆனாலும் காது உலக்கையைத் தேடியது. ஒரு மாணவி சொன்னாள்: "எங்க அப்பாயி பாடறப்ப, ஒருத்திக்கு மூச்சு வாங்குனா அடுத்தவங்க அடியெடுப்பாங்கம்மா."

எத்தனை ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன்! எதிர்க்குரல் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. உழைப்பு மூச்சைப் பறிக்கும் இடத்தில் தோழி தாங்கிக்கொள்வது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த மூச்சு மறைந்துவிடுகிறது.

பெஞ்சுகளை ஒதுக்கி, காலால் தாளமிட்டு, மாணவிகள் மாறிமாறிப் பாடிப் பார்த்தார்கள். சுருதி தப்பியது. பாட்டு புரிந்தது.

பெண்களின் வேலைப்பாட்டிலிருந்து புதிய இசைக்கோவை எழுதுபவர்கள் இந்த ஊர்களின் கும்மிக்காரிகளையும் நடவுக்காரிகளையும் ஒத்திகைக்கே அழைக்க வேண்டும். அவர்கள் திருத்தினால் கேட்க வேண்டும். அரங்கேற்ற அழைப்பிதழில் அவர்கள் பெயரும், கையில் ஊதியமும் இருக்க வேண்டும்.