ஆற்றோடு இறங்கும் சாலை

பேச்சிப்பாறை அணையருகே காலை ஆறு மணிக்கு சைக்கிளில் ஏறினால், மதியச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்குப் போய்விடலாம். அங்கங்கே சுற்றினாலும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். கால் பழகியவர்கள் மூன்று மணி நேரத்தில் ஓட்டிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையிலிருந்து கடல் வரை நீளும் இந்த வழிக்கு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுங்கள்.

ஒரு வழியை ரசிக்க எதையாவது ஒன்றைப் பின்தொடர வேண்டும். இங்கே தண்ணீரைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு வளைவிலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் போகிறது?

எப்போது போகலாம்?

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பாசனத்துக்காக ஜூனில் திறக்கும் அணைத்தண்ணீர் வழக்கமாக பிப்ரவரி வரை ஓடும். அதனால் ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், கால்வாய்களில் தண்ணீரும் இருக்கும். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் காலமும் அதுதான். செம்புநிறத் தளிர்களுக்கு ஊடாகக் காலை வெயில் இறங்குவதை அப்போதுதான் பார்க்க முடியும்.

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. கியரும் நல்ல பிரேக்கும் இருந்தால் போதும். சற்று அகலமான டயர் போட்டு, காற்றைக் கல்லுபோல் இறுக்காமல் கொஞ்சம் குறைவாக அடித்துக்கொள்ளுங்கள். உடைந்த தார்ச்சாலையில் கையும் முதுகும் நோகாது.

மேடும் பள்ளமும்

பேச்சிப்பாறை அணை கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் மன்னராட்சியில் 1897 முதல் 1906 வரை கட்டப்பட்டது. கட்டிய பொறியாளர் மிஞ்சின். அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பு ஐந்து நிமிடம் அந்த நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். இன்று நீங்கள் தொடரப்போகும் தண்ணீர் அங்கே அசையாமல் கிடக்கிறது.

மலையிலிருந்து கடலுக்குப் போகும் வழி என்பதால் இறக்கம் மட்டுமே இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு குன்றுகளைச் சுற்றிக்கொண்டு கீழே போகிறது. சாலை அவற்றின் மேல் ஏறி இறங்கிப் போகிறது. குலசேகரம் போய்ச் சேருவதற்குள் உங்கள் தொடைகளுக்கு இது தெரிந்துவிடும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மேட்டில் செம்மண், ரப்பர், வீடுகள். பள்ளத்தில் வாழை, தென்னை, எங்காவது மிச்சமிருக்கும் நெல்வயல். இந்தப் பள்ளத்து வயல்வெளியை இங்கே ஏலா என்பார்கள். ஏறத்தாழ எல்லா இறக்கத்தின் அடியிலும் ஓர் ஓடையோ குளமோ சிறு பாலமோ இருக்கும். விடிகாலையில் கண்ணை நம்பாமலே இதை அறியலாம். இறங்கும்போது முன்கையில் சட்டென்று குளிர் ஏறும். இரவில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி நிற்பதால் அப்படி. அடுத்த நொடி ஈரமண் வாசனை வரும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கண்ணில் படும். மறுபக்கம் மேடேறும்போது குளிர் விலகும், புகைபோட்டு உலர்த்தும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாசனை வரும். காருக்குள் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி மேட்டில் தடுமாறினால் மூச்சு கலைந்துவிடும், அதன்பிறகு எதையும் பார்க்கத் தோன்றாது. நிதானமாக ஏறினால், ரப்பர் மரத்தில் சாய்வாக வெட்டிய கோட்டில் பால் மெல்ல வழிந்து சிரட்டையில் சொட்டுவதைக்கூடப் பார்க்கலாம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் பால்வெட்டுபவர்கள் உங்களுக்கு முன்பே எழுந்து வந்திருப்பார்கள். இறக்கத்தில் உதிர்ந்த இலைகள்மேல் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். சாலை குறுகலானது, வளைவுக்கு அப்பால் பேருந்து வரலாம்.

வழியில் திற்பரப்புக்குத் திரும்புங்கள். கோதையாறு பாறையிலிருந்து ஏறத்தாழ 50 அடி விழுகிறது. இவ்வளவு நேரம் மரங்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் கூட வந்த ஆற்றின் குரலை அங்கே கேட்பீர்கள்.

மாத்தூரில் இறங்கி நடங்கள்

திருவட்டாறிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாறு ஓடும் பள்ளத்தின் மேலே, மலைக்கு மலை கால்வாயைக் கொண்டுபோகும் பாலம். காமராஜரின் முயற்சியில் உருவாகி 1966இல் கட்டி முடிந்தது. 28 தூண்கள், 115 அடி உயரம்.

காரில் வருபவர்கள் உயரத்தைப் பார்த்து வியந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சைக்கிளில் வந்தவருக்கு அங்கே வேறொன்று புரியும். காலையிலிருந்து எத்தனை பள்ளத்தில் இறங்கி, எத்தனை மேட்டில் மூச்சு வாங்க ஏறினோம்! நமக்குக் கால் இருக்கிறது, ஏறிவிட்டோம். கால்வாய்த் தண்ணீர் பள்ளத்தில் இறங்கினால் தானாக மறுபக்கம் ஏறாது. அதனால்தான் இறங்கவே விடாமல் அதைத் தொட்டியில் ஏந்திக் கடத்தியிருக்கிறார்கள். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களின் வறண்ட மேட்டுநிலத்துக்கு அப்படித்தான் பாசனம் கிடைத்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாலத்தின்மேல் நடந்து பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் அவசரமில்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும். கீழே தென்னைகளின் உச்சி தெரியும். அவற்றுக்கும் கீழே ஆறு தன்போக்கில் போகும். ஒரு தண்ணீரின் மேல் இன்னொரு தண்ணீர் குறுக்கே போகும் இடத்தில் நிற்கிறோம் என்று தோன்றும்போது, வலித்த தொடைகள்கூட அந்தப் பொறியாளர்களுக்கு நன்றி சொல்லும்.

திருவட்டாறுக்குப் பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பறளியாறும் சேர்கின்றன. சேர்ந்த ஆறு குழித்துறை வழியாகக் கடலுக்குப் போகிறது. இதற்கும் தாமிரபரணி என்றே பெயர். நெல்லையின் தாமிரபரணி வேறு, இது வேறு. ஆற்றூர்ப் பக்கம் ஒரு சாயாக்கடையில் நின்று கட்டன்சாயா குடியுங்கள், மட்டிப்பழம் இரண்டு தின்னுங்கள். ஒருமுறை அப்படி நின்றபோது கடைக்காரர் என் சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எறங்கிப் போறது எளுப்பம் மக்களே. கடப்புறத்துல காத்துதான் பிடிச்சு நிறுத்தும்.”

காற்று என்ற மேடு

அவர் சொன்னது உண்மை. மார்த்தாண்டம் நெரிசலைக் கடந்து தெற்கே திரும்பியதும் நிலம் தாழ்ந்து தென்னைகள் நெருங்கும். பத்து மணிக்கு மேல் வெயிலில் நிலம் சூடேற, கடலிலிருந்து காற்று உள்ளே வரத் தொடங்கும். சமதளத்திலும் ஏற்றத்தில் போவதுபோல் கால் கனக்கும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்துங்கள். உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். கடல் இன்னும் கண்ணில் பட்டிருக்காது.

தேங்காய்ப்பட்டணத்தில், ஆறு கடலில் சேரும் பொழிமுகம் வரை போங்கள். ஒருபுறம் மீன்பிடித் துறைமுகம், படகுகள். இன்னொருபுறம், காலையில் அணையில் அசையாமல் கிடக்கப் பார்த்த தண்ணீர், பாறையில் விழுந்து, பாலங்களுக்கு அடியில் நுழைந்து, வயல்களுக்குக் கொடுத்தது போக மிச்சமாக வந்து கடலில் கலக்கிறது. அலையின் நிறத்தையும் ஆற்றின் நிறத்தையும் பிரித்துப் பாருங்கள். குனிந்து அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே வழியாக வந்தவர்கள். நீங்கள் திரும்பி ஏற வேண்டும், அது மேகமாக ஏறும்.