ஆயர் பதவியும் பல்கலைக்கழகமும்: நியூமனின் டப்ளின் உரைகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

உயர்கல்வியின் நோக்கம் யாது என்னும் வினாவை எழுப்புவோர் ஜான் ஹென்றி நியூமனின் ‘தி ஐடியா ஆஃப் எ யூனிவர்சிட்டி’ என்னும் நூலைக் கடந்து செல்வது அரிது. அறிவு அதன் பொருட்டே நாடத்தக்கது என்னும் கோட்பாட்டுக்கு இந்நூலையே பலரும் சான்று காட்டுவர். எனினும், இந்நூல் எந்த நிறுவனத்திற்காக எழுதப்பட்டதோ அந்நிறுவனத்தின் வரலாற்றிலிருந்து பிரித்து, காலங்கடந்த ஒரு கல்வித் தத்துவமாக மட்டுமே இதனை வாசிப்பது வழக்கமாகிவிட்டது.

அந்நிறுவனம் அயர்லாந்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அதனை நிறுவியவர்கள் ஆயர்கள். அதன் முதல் அதிபராக அமர்ந்த நியூமனோ ஆயர் அல்லர். இவ்விரு உண்மைகளுக்கும் இடையிலுள்ள இழுபறியை மனத்திற்கொண்டு நூலை அணுகினால், அது பேசுவதோடு பேசாது விட்டதும் நமக்குப் புலனாகும். அவ்வாறு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல் தோன்றிய சூழல்

1845இல் பிரிட்டிஷ் அரசு அயர்லாந்தில் அரசியார் கல்லூரிகளை நிறுவச் சட்டம் இயற்றியது. அதன்படி பெல்பாஸ்ட், கார்க், கால்வே ஆகிய நகரங்களில் கல்லூரிகள் எழுந்தன. சமயச் சார்பின்றி நடத்தப்படவிருந்த அக்கல்லூரிகளைக் ‘கடவுளற்ற கல்லூரிகள்’ என எதிர்ப்பாளர் பழித்தனர். 1850இல் தர்லஸ் நகரில் கூடிய ஆயர் பேரவை அவற்றைக் கண்டித்தது. பெல்ஜிய ஆயர்கள் 1834இல் நிறுவி, அடுத்த ஆண்டு லூவெய்ன் நகருக்கு மாற்றிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தமக்கென ஒன்றை அமைக்கவும் அப்பேரவை முனைந்தது.

அப்போது அர்மா நகரின் பேராயராக இருந்த பால் கல்லன், 1851இல் நியூமனை அதிபர் பொறுப்பிற்கு அழைத்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று அங்கேயே பணியாற்றிய நியூமன், 1845இல் ஆங்கிலிக்கன் சபையினின்று கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தவர். அவர் 1852 மே, ஜூன் திங்களில் டப்ளினில் ஐந்து உரைகளை நிகழ்த்தினார். எஞ்சியவை மேடையேறாது எழுத்தில் மட்டும் நின்றன. முதற்பதிப்பில் பத்தாக இருந்த உரைகளுள் ஒன்று பின்னர் நீக்கப்பட்டது. ஒன்பது உரைகளோடு பிற சொற்பொழிவுகளும் சேர்ந்து, 1873இல் இன்று நாம் அறியும் நூல் உருப்பெற்றது.

வராத பட்டம்

1854ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்தினால் வைஸ்மன் உரோமையிலிருந்து நியூமனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவரை ஆயராக உயர்த்த எண்ணியுள்ளார் என்பதே அச்செய்தி. மறைமாவட்டப் பொறுப்பின்றிப் பட்டம் மட்டும் உடைய ஆயர் நிலை அது. நிறுவனர்களான ஆயர்களோடு அதிபர் சமநிலையில் அமர்ந்து பேச அது உதவும் எனக் கருதப்பட்டது. செய்தி பரவியது, நண்பர்கள் வாழ்த்தினர், ஆயர்க்குரிய அணிகலன்களைப் பரிசாக அனுப்பியோரும் உண்டு. ஆனால் கல்லன், இதனைத் தள்ளிவைப்பதே நன்று என உரோமைக்கு எழுதினார். பட்டம் வரவேயில்லை. அதன் காரணத்தை எவரும் நியூமனுக்கு விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள் அவர் வெறும் குருவாகவே அதிபர் பொறுப்பேற்றார். நவம்பர் 3ஆம் நாள் வகுப்புகள் தொடங்கின. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1858 நவம்பரில், அவர் பதவி விலகினார். எனவே ஆயர் பட்டம் மறுக்கப்பட்டதே முயற்சி தளர்ந்ததற்கு மூலகாரணம் என்னும் கருத்து இயல்பாகவே எழுகிறது. இதனை முழுமையாக ஏற்க இயலுமா என்பதே நம் வினா.

முரண்பட்ட இடங்கள்

நியூமனுக்கும் ஆயர்களுக்கும் இடையே எழுந்த முரண்களைத் தொகுத்து நோக்கினால் அவை பட்டத்தைப் பற்றியவை அல்ல என்பது தெளிவாகும். நிதி நிருவாகத்தில் பொதுநிலையினர்க்கு இடமளிக்கும் ஒரு குழு வேண்டும் என்றார் நியூமன். கல்லன் அதற்கு இசையவில்லை. ‘இளம் அயர்லாந்து’ இயக்கத் தொடர்புடைய அறிஞர்களையும் நியூமன் பேராசிரியர்களாக ஏற்றார். 1848–49ஆம் ஆண்டுகளின் புரட்சியை உரோமையில் நேரில் கண்டிருந்த கல்லனுக்கு அது அச்சத்தை அளித்தது. டியூம் பேராயர் ஜான் மக்ஹேல் தொடக்கம் முதலே ஒத்துழைக்க மறுத்தார். தம் கடிதங்களுக்குக் கல்லனிடமிருந்து விடை வருவதில்லை என்பது நியூமனின் குறை. அதிபர் பர்மிங்காமிலுள்ள தம் துறவு இல்லத்திற்கு அடிக்கடி சென்றுவிடுகிறார் என்பது கல்லனின் குறை.

இங்கு ஆயர்கள் பக்க நியாயத்தையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. பெரும்பஞ்சத்தின் வடு ஆறாத நாட்டில், கோவில்களில் திரட்டப்பட்ட எளியோர் காணிக்கையே பல்கலைக்கழகத்தின் முதல். அதற்கு மக்கள்முன் பொறுப்பாளிகள் ஆயர்களே. மேலும், பட்டம் வழங்கும் உரிமையை அரசு தராமையும் மாணவர் தொகை பெருகாமைக்கு ஒரு முக்கியக் காரணமாகும். ஆதலின் அனைத்துப் பழியையும் ஆயர்கள்மீது சுமத்துவது வரலாற்று நேர்மையாகாது.

எனினும், அறிஞர்களின் கையில் பணி முழுமையாக விடப்பட்ட இடங்களில் அது செழித்தது என்பதும் மறுக்கவியலாதது. 1855இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி நிலைபெற்றது. அயரிய வரலாறு, தொல்லியல் ஆகியவற்றுக்கான இருக்கையில் யூஜின் ஓகரி அமர்ந்தார். பண்டை அயரியச் சுவடிகளைப் பற்றி அவர் நிகழ்த்திய விரிவுரைகள் 1861இல் நூலாயின. ஆங்கிலம் பேசும் ஒருவரின் தலைமையில், ஒடுக்கப்பட்ட ஒரு மொழியின் சுவடிச் செல்வத்திற்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கை கிடைத்தது என்பது தமிழியல் துறையினராகிய நாம் சற்றே நின்று எண்ணத்தக்க செய்தி.

வாஷிங்டன்: ஓர் ஒப்பீடு

ஆயர் பட்டம் நியூமனைக் காத்திருக்குமா என்பதை ஆராய, ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின் அமெரிக்க ஆயர்கள் நிறுவிய பல்கலைக்கழகம் துணைபுரியும். 1889இல் வாஷிங்டனில் வகுப்புகளைத் தொடங்கிய அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் முதல் அதிபர் ஜான் கீன் என்பார், ரிச்மண்ட் மறைமாவட்டத்தின் ஆயராக விளங்கியவர். நியூமனுக்குக் கிட்டாத தகுதி அவருக்குத் தொடக்கத்திலேயே இருந்தது. ஆயினும் 1896இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அவரைப் பொறுப்பினின்று நீக்கினார். பட்டம் இருந்தது, காப்பு இல்லை.

இதே பல்கலைக்கழகத்தில் 1967இல் இறையியல் ஆசிரியர் சார்ல்ஸ் கரனின் பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என ஆட்சிக்குழு முடிவு செய்தது. பேராயர்களும் ஆயர்களும் அக்குழுவில் பெரும்பான்மையினர். ஆசிரியரும் மாணவரும் வகுப்புகளைப் புறக்கணிக்க, முடிவு சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 1969இல் முதன்முறையாகப் பொதுநிலையினர் ஒருவர் அதன் தலைவரானார். ஆனால் 1986இல் உரோமை, கரன் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என அறிவித்தது. ஆகவே வினா, அதிபர் ஆயரா அல்லரா என்பதன்று. எவருடைய அதிகாரம் எங்கு முடிகிறது என்பதே.

நூலின் மௌனமும் பிற்கால விடையும்

இவ்வெளிச்சத்தில் டப்ளின் உரைகளை மீண்டும் நோக்குவோம். அவற்றின் மையவாதம் எல்லைகளைப் பற்றியது. அறிவுத்துறைகள் யாவும் சேர்ந்து ஒரு முழுமையாகின்றன. ஒரு துறையை விலக்கினால் அதன் இடம் வெறுமையாக நிற்பதில்லை, அண்டைத் துறைகள் தம் எல்லை மீறி அதனைக் கைக்கொள்ளும் என்பது நியூமனின் வாதம். இறையியலுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டும் என்பதை அவர் இவ்வகையிலேயே நிறுவுகிறார். வாதத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை.

ஆனால் துறைகளுக்குப் பொருத்திய இந்த அளவுகோலை அவர் பதவிகளுக்குப் பொருத்தவில்லை. ஆசிரியர், அதிபர், பொதுநிலையினர், ஆயர் ஆகியோருள் ஒருவர்க்குரிய இடம் மறுக்கப்படின் மற்றவர் அதனை நிரப்புவர் அல்லவா? பொதுநிலையினர் இல்லாத நிதிக்குழுவில் ஆயரே கணக்கரானார்; அதிபரின் சொல்லுக்கு மதிப்பில்லாத நியமனத்தில் ஆயரே தேர்வாளரானார். உரைகளின் தருக்கமே இதனை முன்னுரைத்திருக்க வேண்டும். நூல் திருத்தந்தையின் ஆணையைப் போற்றுகிறது. திருச்சபைக்கு அறிவின்பாலுள்ள கடமையையும் பேசுகிறது. ஆயரின் அன்றாட அதிகாரம் எதுவரை என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இதனை நூலின் குறை என்றே நாம் மதிப்பிடுகிறோம்.

ஒரு மறுப்பு எழலாம். தம்மை அமர்த்திய ஆயர்களின்முன் அவர்களுடைய எல்லையைப் பேசுவது நாகரிகமன்று. அம்மேடையில் மௌனமே பொருத்தம் எனலாம். அது ஏற்கத்தக்கதே. ஆனால் 1873இல் நூலைத் தொகுத்தபோதும் அம்மௌனம் கலையவில்லை.

விடை வேறு நூல்களில் கிடைக்கிறது. பதவி விலகிய மறு ஆண்டே, 1859இல், கோட்பாட்டுச் செய்திகளில் பொதுநிலையினரின் கருத்தறிதல் பற்றி நியூமன் எழுதிய கட்டுரை உரோமையில் அவர்மீது முறையீட்டை வருவித்தது. 1877இல் ‘வியா மீடியா’ நூலின் புதிய பதிப்பிற்கு எழுதிய முன்னுரையில், திருச்சபைக்குக் கற்பித்தல், வழிபாடு, ஆளுகை என்னும் மூன்று பணிகள் உண்டென்றும், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நெறியுடையது என்றும், தனித்து விடப்படின் ஒவ்வொன்றும் தனக்கேயுரிய வகையில் கெடும் என்றும், ஆளுகை கெட்டால் கொடுங்கோன்மையாகும் என்றும் அவர் விளக்கினார். டப்ளினில் துறைகளுக்கு வகுத்த எல்லையை இங்குப் பணிகளுக்கு வகுக்கிறார். இடையிலிருந்த கால்நூற்றாண்டு அனுபவம் இம்மாற்றத்தில் பங்கு பெற்றது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

1990இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென வெளியிட்ட சட்டத்தொகுப்பு, ஆயரைப் புறத்தே நின்று கட்டுப்படுத்துபவராக அன்றி அவற்றின் வாழ்வில் பங்கேற்பவராகக் காண்கிறது. நிறுவனத்தின் தன்னுரிமையையும் ஒப்புகிறது. எனினும் எல்லை பற்றிய விவாதம் அதனோடு ஓய்ந்துவிடவில்லை.

நியூமன் 1879இல் ஆயராகாமலேயே கர்தினால் ஆனார். 2019இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 2025 நவம்பர் 1ஆம் நாள் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் சிறப்பையும் பெற்றார். ஆளுவோர்க்குரிய பட்டம் அவரை வந்தடையவில்லை. ஆசிரியர்க்குரிய பட்டம் நெடுங்காலம் கழித்து வந்தது.

டப்ளின் உரைகளைக் கற்பிப்போர் 1877ஆம் ஆண்டு முன்னுரையையும் உடன்வைத்துக் கற்பித்தல் நலம். முன்னது பல்கலைக்கழகம் எதற்காக என்பதைச் சொல்கிறது. பின்னது, அதனை நிறுவியவர் எங்கே நிற்க வேண்டும், கற்பிப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சிந்திக்க வைக்கிறது. இவ்வினாவைச் சந்திக்காத கல்வி நிறுவனம், அது எச்சமயத்தைச் சார்ந்ததாயினும் எச்சமயமும் சாராததாயினும், இல்லை எனலாம்.